குறைமாதக் குழந்தையும் அதன் முதல் மூச்சும்

மனிதன் இவ்வுலகிற் செய்யும் முதற் காரியம் மூச்சை உள்ளே இழுத்தலாகும். இறுதிக் காரியம் அதனை வெளியே விடுதலாகும். இவ்விரண்டிற்கும் இடையிற் கோடிக்கணக்கான முறை மூச்சு வந்து போகின்றது. நாம் அதனை எண்ணிப் பார்ப்பதுமில்லை. அதற்காக வருந்தி உழைப்பதுமில்லை. ஆனால் உரிய காலத்திற்கு முன்னரே பிறந்துவிட்ட சிசுவுக்கோ ஒவ்வொரு மூச்சும் ஒரு பெரும் போராட்டமாகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள், கருப்பையில் 37 வாரங்களை நிறைவு செய்யுமுன் பிறந்துள்ளன. பிறக்கும் பத்துக் குழந்தைகளுள் ஒன்று இவ்வகையினது எனலாம். இக்குழந்தைகள் மூச்சுவிட இடர்ப்படுவது ஏன், அவ்விடரைத் தீர்க்கும் வழிகள் எவ்வாறு கண்டறியப்பட்டன என்பவற்றை எமது கல்லூரியின் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் அறிந்துகொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு தவறான நம்பிக்கையை அகற்றுதல் வேண்டும். ஏழாம் மாதத்துப் பிள்ளை தப்பும், எட்டாம் மாதத்துப் பிள்ளை தப்பாது என்று எம்மவரில் முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம். இஃது எமக்கு மட்டும் உரிய நம்பிக்கையன்று. பண்டைய கிரேக்க வைத்தியரான இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில் எட்டாம் மாதத்துக் குழந்தையைப் பற்றித் தனி நூலொன்றே உண்டு. ஆயினும் உண்மை இதற்கு மாறானது. கருப்பையிற் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் உயிருக்கு உரம் சேர்க்கின்றது. எட்டாம் மாதத்திற் பிறக்கும் பிள்ளை ஏழாம் மாதத்திற் பிறக்கும் பிள்ளையிலும் பார்க்கப் பிழைக்கும் வாய்ப்பு மிகுந்தது. அதற்கு முதன்மையான காரணம் நுரையீரலின் வளர்ச்சியே.

சவர்க்காரக் குமிழியும் நுரையீரலும்

நுரையீரல் என்பது வெறுங் காற்றுப் பையன்று. மரமொன்று அடிமரத்திலிருந்து கிளை, சிறுகிளை, இலை எனப் பிரிவதுபோல, மூச்சுக்குழலும் பலவாகக் கிளைத்து, ஈற்றில் நுண்ணிய சிற்றறைகளாக முடிகின்றது. வளர்ந்த மனிதனுடைய நுரையீரல்களில் இத்தகைய சிற்றறைகள் முப்பது கோடிக்கு மேல் உள்ளன. இவற்றின் மெல்லிய சுவரினூடாகவே ஒட்சிசன் குருதியிற் கலக்கின்றது, காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது. கருப்பையில் இருக்கும் காலத்திற் குழந்தைக்கு வேண்டிய ஒட்சிசன் தாயின் குருதியிலிருந்து நச்சுக்கொடி வழியாகக் கிடைத்துவிடுவதால், இச்சிற்றறைகள் நீரால் நிறைந்து வாளாவிருக்கின்றன. பிறந்த சில கணங்களில் அந்நீர் வற்றி அவ்விடத்தைக் காற்று நிரப்புதல் வேண்டும். நீர் இருந்த இடத்திற் காற்றுப் புகுந்தவுடன் புதியதொரு விசை தலைகாட்டுகின்றது. அதுவே மேற்பரப்பிழுவிசை.

பௌதிகம் பயிலும் மாணவர் இவ்விசையை நன்கறிவர். நீரின் மேற்பரப்பு இழுத்துக் கட்டிய தோல்போலத் தன்னைச் சுருக்கிக்கொள்ளவே முயலும். அதனாலேயே மழைத்துளி உருண்டை வடிவம் பெறுகின்றது. குமிழியொன்றின் உள்ளே இருக்கவேண்டிய அமுக்கம் அதன் ஆரைக்கு நேர்மாறு விகிதசமமானது என்பது லாப்பிளாசு என்னும் பிரெஞ்சுக் கணிதமேதையின் பெயரால் வழங்கும் விதி. குமிழி சிறிதாகச் சிறிதாக அதனை விரிந்த நிலையில் வைத்திருப்பதற்கு வேண்டிய அமுக்கம் அதிகரிக்கும். பெரியதும் சிறியதுமான இரு சவர்க்காரக் குமிழிகளை ஒரு குழாயால் இணைத்தால், இரண்டும் சமமாகிவிடும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். ஆனால் நிகழ்வதோ வேறு. சிறிய குமிழி தன் காற்றையெல்லாம் பெரியதற்குக் கொடுத்துவிட்டுத் தான் சுருங்கி மறைந்துபோகும்.

இனி, நுரையீரலை எண்ணிப் பாருங்கள். அதன் சிற்றறைகள் யாவும் ஈரமான உட்பரப்பையுடைய நுண்குமிழிகள். லாப்பிளாசின் விதிப்படி, மூச்சை வெளியே விடுந்தோறும் சிறியவை சுருங்கி ஒட்டிக்கொள்ளுதல் வேண்டும். மறுமுறை அவற்றைத் திறப்பதற்குப் பெருவலிமை தேவைப்படும். ஆயினும் நாம் வருத்தமின்றி மூச்சுவிடுகின்றோம். ஏன்? சிற்றறைகளின் சுவரிலுள்ள ஒருவகைக் கலங்கள், பொசுபரசு கலந்த கொழுப்புப் பொருளையும் சில புரதங்களையும் சுரந்து, உட்பரப்பு முழுவதிலும் மெல்லிய படலமாகப் பூசிவிடுகின்றன. வைத்தியர் இதனைச் 'சேர்பக்ரன்ற்' என வழங்குவர். நாம் நுரையீரற் படலம் என்போம். சிற்றறை சுருங்குங்கால் இப்படலம் நெருங்கி அடர்ந்து, மேற்பரப்பிழுவிசையை ஏறக்குறையப் பூச்சியத்திற்கே கொண்டுவந்துவிடுகின்றது. ஆகவே சிறிய அறையும் ஒட்டிக்கொள்ளாது திறந்தே இருக்கின்றது. மூச்சு முழுவதையும் வெளியே விட்ட பின்னரும் ஓரளவு காற்று எஞ்சி நிற்பது இப்படலத்தின் அருளாலேயாம்.

இப்படலம் கருவின் 24ஆம் வாரமளவிற் சிறிது சிறிதாக உண்டாகத் தொடங்கி, 34 அல்லது 35ஆம் வாரமளவிலேயே போதிய அளவை எய்துகின்றது. அதற்கு முன்னர் பிறக்கும் குழந்தை தன் முதல் மூச்சை எவ்வளவு பாடுபட்டு இழுத்ததோ, அவ்வளவு பாட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் படவேண்டியிருக்கின்றது. விலா எலும்புகளின் இடைவெளி உள்ளே குழிகின்றது; நாசித் துவாரங்கள் விரிகின்றன; மூச்சு விடுந்தோறும் மெல்லிய முனகல் எழுகின்றது. சில மணி நேரத்தில் அப்பிஞ்சுத் தசைகள் களைத்துவிடுகின்றன. உதவி கிடையாவிடின் முடிவு யாதென்பதைக் கூறவேண்டியதில்லை.

காரணம் கண்ட கதை

இவ்வுண்மை ஒரே நாளிற் கண்டறியப்பட்டதன்று. 1929ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தில் வொன் நீர்கார்ட் என்பார், நுரையீரலைக் காற்றால் விரிப்பதற்கு வேண்டிய அமுக்கம் திரவத்தால் விரிப்பதற்கு வேண்டியதிலும் மிக அதிகம் எனக் காட்டினார். திரவம் நிறைந்தவிடத்துக் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பு இல்லை. ஆகவே இழுவிசையும் இல்லை. மூச்சின் சுமையிற் பெரும்பகுதி மேற்பரப்பிழுவிசையே என அவர் உணர்ந்தார். ஆயினும் அவருடைய கட்டுரையை ஏறக்குறைய ஒரு தலைமுறைக்காலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

பின்னர் இத்துறைக்கு ஒளி தந்தவை போருக்கான ஆய்வுகூடங்கள் என்பது வியப்புக்குரியது. இங்கிலாந்திற் போட்டன் டவுன் என்னுமிடத்தில் நச்சுவாயுக்களால் நுரையீரலில் எழும் நுரையை ஆராய்ந்த ரிச்சட் பற்றில், அந்நுரையின் குமிழிகள் உடையாது நிலைத்து நிற்பதைக் கண்டு 1955இல் வெளியிட்டார். அமெரிக்கப் படையின் இரசாயன நிலையத்திற் பணியாற்றிய ஜோன் கிளெமென்ற்ஸ், நுரையீரலிலிருந்து எடுத்த படலத்தின் இழுவிசையை 1957இல் அளந்து காட்டினார். மனிதரைக் கொல்லும் வாயுவைப் பற்றிய ஆராய்ச்சி, குழந்தைகளை வாழ்விக்கும் அறிவுக்கு வித்தாயிற்று.

இவ்வறிவைக் குழந்தைகளின் தொட்டிலருகே கொண்டுவந்தவர் மேரி எலன் ஏவரி என்னும் பெண் வைத்தியர். பொஸ்டன் நகரில் ஜெரே மீட் என்பாருடன் பணியாற்றிய அவர், மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலையும் வேறு காரணங்களால் இறந்த குழந்தைகளின் நுரையீரலையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். முன்னையவற்றில் அப்படலம் இல்லை எனவோ குறைவு எனவோ 1959இற் கண்டார். அதுகாறும், இறந்த குழந்தைகளின் சிற்றறைகளிற் காணப்பட்ட கண்ணாடிபோன்ற சவ்வே நோய்க்குக் காரணமென வைத்தியர் கருதியிருந்தனர். சவ்வு இருந்தமை காரணமன்று, படலம் இல்லாமையே காரணம் என்பது ஏவரியார் நிலைநாட்டிய உண்மை. இருப்பதைத் தேடுவதிலும் இல்லாததைக் கண்டுகொள்வது அரிது என்பதை மாணவர் இதனால் உணர்வாராக.

காரணம் அறிந்துவிட்டால் மருந்து உடனே கிட்டிவிடுமா? கிட்டாது என்பதற்கு 1963ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்து நிகழ்ச்சி சான்று. அமெரிக்க சனாதிபதி ஜோன் கெனடியின் மகன் பற்றிக், உரிய காலத்திற்கு ஐந்தரை வாரம் முன்னதாக அம்மாதம் 7ஆந் திகதி பிறந்தான். நிறை இரண்டு கிலோகிராமிற்குச் சற்று மேல். இந்நோயே அவனையும் பற்றிற்று. அக்காலத்து வைத்தியம் அறிந்த யாவும் செய்யப்பட்டன. உயரமுக்க ஒட்சிசன் அறையினுள்ளும் அவன் வைக்கப்பட்டான். பிறந்து 39 மணி நேரத்தில் அவன் உயிர் பிரிந்தது. உலகின் பெருவல்லரசுத் தலைவனுடைய பிள்ளைக்கு அன்று கிட்டாத சிகிச்சை, இன்று சாதாரண வைத்தியசாலைகள் பலவற்றிற் கிடைக்கின்றது. அவ்வளவு முதிர்ச்சியும் நிறையும் உள்ள குழந்தை நற்பராமரிப்புக் கிடைக்குமிடத்து இன்று இந்நோயால் இறப்பது மிக அரிது.

மூவகைத் துணை

இம்மாற்றத்திற்கு அடிப்படையாய் அமைந்தவை மூன்று. பிறக்குமுன் தாய்க்கு அளிக்கும் ஊசி ஒன்று. பிறந்தபின் மூக்கு வழியாகச் செலுத்தும் அமுக்கம் மற்றொன்று. இல்லாத படலத்தை வெளியிலிருந்து ஊட்டுதல் மூன்றாவது.

முதலாவது நியூசிலாந்திற் பிறந்தது. ஓக்லாந்து நகரின் மகப்பேற்று வைத்தியரான கிரகம் லிக்கின்ஸ், பிரசவவலி எதனால் தொடங்குகின்றது என்பதை அறிய ஆடுகளில் ஆராய்ச்சி செய்தார். வயிற்றிலிருந்த குட்டிகளுக்கு அதிரீனற் சுரப்பியின் ஓமோனை ஒத்த மருந்தைச் செலுத்தியபோது அவை காலத்திற்கு முன் பிறந்தன. அவ்வளவு முதிர்ச்சியின்றிப் பிறந்த குட்டி மூச்சுவிடலாகாது. ஆனால் அவற்றின் நுரையீரல்கள் ஓரளவு காற்றேறி விரிந்திருந்தன. தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அம்மருந்து நுரையீரலை விரைந்து முதிர்விக்கின்றது என 1969இல் உணர்ந்த லிக்கின்ஸ், குழந்தை வைத்தியரான றொஸ் ஹோவியுடன் சேர்ந்து 282 தாய்மாரிற் பரிசோதனை நடத்தி, 1972இல் முடிவுகளை வெளியிட்டார். மருந்து பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேருக்கே சுவாச இடர் ஏற்பட்டது. பெறாதோரின் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 26 பேருக்கு ஏற்பட்டது. 24 மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி, அவ்வளவே செலவு.

இத்துணை மலிவான மருந்து உலகெங்கும் உடனே பரவியிருக்கும் என நினைப்போம். அது நடந்திலது. அதன்பின் பல நாடுகளிற் பரிசோதனைகள் நடந்தும், பெரும்பாலான வைத்தியர் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதனை வழங்கத் தயங்கினர். தனித்தனியே நோக்கியபோது ஐயத்திற்கிடமாய்த் தோன்றிய பரிசோதனைகள், ஒன்றாகத் தொகுத்து நோக்கியபோது ஐயத்திற்கிடமின்றி உண்மையைக் காட்டின. 1994இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையத்தின் நிபுணர் குழு அதனை ஆதரித்த பின்னரே வழக்கம் பரவிற்று. வைத்திய ஆராய்ச்சிகளைத் தொகுத்து மதிப்பிடுவதற்காக 1993இல் தோன்றிய கொக்ரேன் அமைப்பு, இம்மருந்தைப் பற்றிய ஏழு பரிசோதனைகளின் வரைபடத்தையே தன் இலச்சினையாகக் கொண்டது. அவ்விடைக்காலத்திற் பிழைத்திருக்கக்கூடிய குழந்தைகள் எத்தனை ஆயிரம் மாண்டன! அறிந்தது வேறு, வழங்கியது வேறு என்ற நிலை விளைத்த அநியாயத்திற்கு அவ்விலச்சினை என்றும் நினைவூட்டலாய் நிற்கின்றது.

எனினும் இம்மருந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வழங்குதலும் தகாது. ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான பரிசோதனையொன்றில், கர்ப்பத்தின் வயதைச் சரிவரக் கணிக்கவியலாத இடங்களில் மருந்தைப் பரவலாக வழங்கியபோது குழந்தை இறப்புக் குறையவில்லை. மொத்தத்தில் ஓரளவு கூடிற்று. மாறாக, கர்ப்பத்தின் வயதைத் திட்டமாக அறிந்து, தக்க வைத்தியசாலைகளில் வழங்கியபோது இறப்புக் குறைந்ததென இந்தியா, பங்களாதேசம், பாக்கித்தான், கென்யா, நைசீரியா ஆகிய நாடுகளில் நடந்து 2020இல் வெளியான பரிசோதனை காட்டிற்று. மருந்து ஒன்றே, இடமும் காலமும் பயனை மாற்றின.

இரண்டாவது துணையைக் குழந்தையே எமக்குக் கற்பித்தது. மூச்சுத்திணறும் சிசு முனகுகின்றது என்றோமன்றோ? அது வலியின் ஒலியன்று. குரல்வளையை ஓரளவு மூடிக்கொண்டு மூச்சை வெளியே விடுவதால், உள்ளே சிறிது அமுக்கத்தைத் தேக்கி, சிற்றறைகள் ஒட்டாவண்ணம் அது தன்னைத்தான் காத்துக்கொள்கின்றது. தென்னாபிரிக்காவின் கேப் நகர ஆராய்ச்சியாளர் 1968இல் இதனைத் தெளிவாக்கினர். குரல்வளையினூடே குழாயைச் செலுத்தி முனகலைத் தடுத்தபோது குழந்தையின் குருதியில் ஒட்சிசன் குறைந்தது. 1971இற் சன் பிரான்சிஸ்கோ நகரத்து ஜோர்ஜ் கிரெகரி, இடையறாத அமுக்கத்தைக் கருவியால் அளித்து, 20 குழந்தைகளில் 16 பேரைப் பிழைக்கச்செய்தார். அக்காலத்திற்கு அஃது ஓர் அற்புதமே.

இம்முறையின் எளிய வடிவம் எமது மாணவர் ஆய்வுகூடத்தில் அமைத்துக் காட்டக்கூடியது. ஈரமும் வெப்பமும் ஊட்டிய காற்றும் ஒட்சிசனும் ஒரு குழாயால் குழந்தையின் நாசிக்கு வருகின்றன. மறுபுறக் குழாயின் நுனி போத்தலொன்றிலுள்ள நீரினுள் அமிழ்த்தப்பட்டுள்ளது. நுனி ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், நாசியில் ஐந்து சென்ரிமீற்றர் நீருயரத்தின் அமுக்கம் நிலவும். ஆழத்தைக் கூட்டினால் அமுக்கமும் கூடும். குமிழிகள் எழுந்துகொண்டிருக்குமட்டும் கருவி செவ்வனே இயங்குகின்றது எனத் தாதி அறிந்துகொள்வாள். ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் இத்தகைய மலிவான கருவியைப் பயன்படுத்திய வைத்தியசாலையொன்றில், கடுஞ் சுவாச இடருற்ற சிசுக்களிற் பிழைத்தோர் தொகை நூற்றுக்கு 44இலிருந்து 71ஆக உயர்ந்ததென 2014இல் வெளியிடப்பட்டது. பொறிகளால் மூச்சை வலிந்து செலுத்துவது சிலருக்கு இன்றும் இன்றியமையாததே. ஆயினும் அப்பொறியும் மிகு ஒட்சிசனும் மென்மையான நுரையீரலைப் புண்படுத்தி நீடித்த நோயை விளைக்கும் என்பது 1967இலேயே அறியப்பட்டது. இயன்றவரை மூக்குவழி அமுக்கத்தோடு அமைவதே இன்றைய வைத்தியரின் விருப்பம்.

மூன்றாவது துணை, படலத்தையே கொடுத்தல். யப்பானைச் சேர்ந்த புஜிவாரா, மாட்டின் நுரையீரலிலிருந்து பெற்ற படலப் பொருளை மூச்சுக்குழாய் வழியாகப் பத்துக் குழந்தைகளுக்கு ஊட்டி, நற்பயன் கண்டதை 1980இல் அறிவித்தார். சுவீடனிற் பன்றியின் நுரையீரலிலிருந்து அத்தகைய மருந்து ஆக்கப்பட்டது. கிளெமென்ற்ஸ் உருவாக்கிய செயற்கை மருந்து 1990இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இக்காலத்தில் மெல்லிய குழாயொன்றின் மூலம், குழந்தை தானே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கையிலேயே இதனை ஊட்டும் முறையும் வழக்கில் வந்துள்ளது. இம்மருந்தின் விலை மிக அதிகமாதலால் வறிய நாடுகளின் குழந்தைகளிற் பலருக்கு இஃது இன்னும் எட்டாக் கனியாகவே உள்ளது.

அளவுக்கு மிஞ்சினால்

அமுதமும் நஞ்சாகும் என்னும் முதுமொழிக்கு ஒட்சிசனைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1940களில், குறைமாதக் குழந்தைகளைக் காக்கும் கண்ணாடிப் பேழைகளில் ஒட்சிசன் தாராளமாகச் செலுத்தப்பட்டது. உயிர் தப்பிய குழந்தைகளிற் பலர் பார்வையிழந்தனர். 1942இற் பொஸ்டனைச் சேர்ந்த தெரி என்பார் இக்கண்ணோயை முதலில் விவரித்தார். ஒட்சிசனே காரணமாகலாம் என அவுஸ்திரேலியாவின் கேற் காம்பெல் 1951இற் சுட்டிக்காட்டினார். அமெரிக்காவில் நடந்த கூட்டுப் பரிசோதனை அதனை உறுதிசெய்தது. அதற்கிடையில் ஏறக்குறையப் பத்தாயிரம் குழந்தைகள் கண்ணொளி இழந்தனர். பின்னர் ஒட்சிசனை மிகக் குறைத்தனர்; குருடு குறைந்தது, ஆனால் சாவு கூடிற்று. இவ்விரு கரைகளுக்கும் இடையே ஓடத்தைச் செலுத்துவதே தாதியின் பணி. 2010ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் வெளியான பெரும் பரிசோதனைகளில், குருதியின் ஒட்சிசன் நிறைவு நூற்றுக்கு 85 முதல் 89 வரை வைக்கப்பட்ட குழந்தைகளில் இறப்பும், 91 முதல் 95 வரை வைக்கப்பட்டோரிற் கண்ணோயும் மிகுந்திருந்தன. உயிரே முதன்மையானதாகலின், பின்னைய எல்லையை ஒட்டி நின்று, கண்களைக் காலந்தவறாது பரிசோதித்தல் இன்றைய வழக்கமாயிற்று.

மூச்சு விடவே மறந்துபோதலும் குறைமாதக் குழந்தையின் இயல்பு. மூளையின் மூச்சு நிலையம் முதிராமையால், இருபது வினாடிக்கு மேல் மூச்சு நின்றுவிடுவதுண்டு. இதற்கு மருந்து நாம் நாள்தோறும் அருந்தும் கோப்பியிலும் தேநீரிலும் உள்ள கபீனே. 2006இல் வெளியான பரிசோதனையொன்று, கபீன் பெற்ற சிசுக்களில் நீடித்த நுரையீரல் நோயும் நூற்றுக்கு 47இலிருந்து 36ஆகக் குறைந்ததெனக் காட்டிற்று. மருந்தை அளந்து கொடுப்பவர் வைத்தியரே என்பதையும், வீட்டிற் கோப்பி புகட்டுதல் பெருந்தீங்கு என்பதையும் இவ்விடத்தில் வற்புறுத்துகின்றோம்.

இவையனைத்திலும் பழைய துணையொன்று உண்டு. அது தாயின் மார்பு. கொலம்பியா நாட்டின் பொகோற்றா நகரில், பேழைகள் போதாமையால் 1978இல் எட்கார் றே என்னும் வைத்தியர், குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். குளிருற்ற குழந்தைக்கு ஒட்சிசன் அதிகம் வேண்டும்; தாயின் சூடு அத்தேவையைக் குறைக்கின்றது. முன்னர், குழந்தை நிலைபெற்ற பின்னரே இம்முறை கைக்கொள்ளப்பட்டது. பிறந்தவுடனேயே தொடங்கினால் இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 16இலிருந்து 12ஆகக் குறைகின்றது என, ஐந்து நாடுகளில் மூவாயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகளில் நடந்து 2021இல் வெளியான பரிசோதனை காட்டியுள்ளது. வறுமையால் பிறந்த வழக்கம் செல்வருக்கும் பாடமாயிற்று.

முடிவுரை

எமது வாசகரில் வைத்தியர் சிலரே. பெற்றோரும் பெற்றோராகப் போகின்றவரும் பலர். அவர்கள் மனத்திற் கொள்ளவேண்டியவை சில. கர்ப்பத்தின் வயதைத் தொடக்கத்திலேயே சரியாகக் கணித்துக் குறித்துவைத்தல் வேண்டும். மேலே கூறிய ஊசியின் பயன் அக்கணக்கையே சார்ந்துள்ளது. காலத்திற்கு முன் வலி கண்டாலோ நீர்க்குடம் உடைந்தாலோ, பொறுத்துப் பார்ப்போம் என்றிராது உடனே வைத்தியசாலை செல்லுதல் வேண்டும். குறைமாதக் குழந்தைகளைப் பராமரிக்கும் வசதியுள்ள இடத்திற்குத் தாயின் வயிற்றினுள்ளே குழந்தை பயணஞ் செய்வதே சாலச் சிறந்தது; பிறந்தபின் வண்டியிற் செய்யும் பயணம் அதற்கு ஈடாகாது. எட்டாம் மாதத்துப் பிள்ளை தப்பாது என்று கைவிடுதல் பெரும் பாவம்.

மாணவர்க்கும் ஒரு சொல். இக்கதையில் வரும் அறிவு எங்கெங்கிருந்து வந்ததென எண்ணிப் பாருங்கள். சவர்க்காரக் குமிழியின் விதி கணிதமேதை தந்தது. நச்சுவாயுவின் நுரை இரசாயன ஆய்வுகூடத்தில் எழுந்தது. ஊசி ஆட்டுப்பட்டியிற் கிடைத்தது. இவை எமக்கு என்ன பயன் என்று பாடநூலை மூடுமுன், ஒரு பக்கத்திலுள்ள சமன்பாடு ஒரு குழந்தையின் மூச்சாகலாம் என்பதை நினைவிற் கொள்வீராக. அறிவைத் தேடுவோர் ஒருபுறமிருக்க, தேடியதைத் தொட்டில்வரை கொண்டுசேர்ப்போரும் வேண்டும். இருபது ஆண்டு வாளாவிருந்த ஓர் ஊசியின் வரலாறு எமக்குணர்த்துவது இதுவே. கற்றதை நிற்கவைத்துக் காலம் போக்காது, காலத்தே வழங்கும் மாணவர் எம் கல்லூரியினின்றும் பலர் தோன்றுவாராக.